ஒன்பதாம் வளைவின் பாடபேதங்கள்

நின்றால் கையெழுத்து, நிற்காவிட்டால் இனி இதைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது, இதுதான் ஒப்பந்தம், இதற்குப் பாடபேதம் கிடையாது, ஏனென்றால் நேற்று மாலை சத்தியமங்கலத்து லாரிக் கொட்டகையில் என் தம்பி துரைக்கண்ணு இதைச் சொன்னபோது இன்னொரு முறை சொல் என்றேன், முதல்முறை "திம்பம் ஏறி முடிக்கிற வரைக்கும்" என்றான், மறுமுறை "இருபத்தேழாவது வளைவு தாண்டற வரைக்கும்" என்றான், ரெண்டும் ஒரே எடந்தானுங்க என்று ஓட்டுநர் செங்கோடன் சாட்சி சொன்ன பிறகுதான் தலையசைத்தேன். "வாய்ப்பேச்சைக்கூடப் பத்திரம் பதியற மாதிரி பதியறயேக்கா" என்று தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். ஒரே கதையை நூறு வாய்களில் கேட்டு, எந்த வாயில் எந்தச் சொல் மாறியது என்று கட்டம் போட்டு எழுதியே முப்பத்தோராண்டு கல்லூரியில் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவள் நான், ஒரு சொல் இடம் மாறினால் ஒரு கொலை விபத்தாகிவிடும் என்று அறிந்தவள். இப்போது என் லாரியின் முன்னிருக்கையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், வலப்பக்கம் செங்கோடன், இடப்பக்கம் கதவோரம் துரைக்கண்ணு, அவன் சட்டைப்பையில் குண்டூசி குத்திய மூன்று தாள்கள், வண்டியைப் பழைய இரும்புக்கு எழுதிக்கொடுக்கும் படிவம், மூன்றிலும் இராசாமணி என்ற என் பெயர் அச்சாகி, மூன்றின் அடியிலும் ஒரு வெற்றுக் கோடு. பின்னால் நூற்றெண்பது மூட்டை உரம், ஒன்பது டன், மலைமேல் தாளவாடிக்கு. பண்ணாரியில் சூடம் காட்டியாயிற்று, சோதனைச்சாவடி தாண்டியாயிற்று, முதல் கொண்டை ஊசி வளைவின் பலகை வருகிறது, மஞ்சளில் கறுப்பாக 1/27, செங்கோடன் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்து இழுக்கிறான், காலை எட்டேகால், புளியமர நிழல் கண்ணாடியில் ஏறி என் மடியில் விழுந்து பின்னால் போகிறது.

இந்தச் சத்தத்தை நான் எழுத்தில் பிடிக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன், ஆறு சிலிண்டர்களும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கின்றன என்றாலும் நான்காவது மட்டும் சற்றே பிந்திச் சொல்கிறது, கூட்டத்தோடு பாடும்போது ஒரு கிழவன் மட்டும் அரை மாத்திரை தள்ளிப் பாடுவதைப்போல, அந்தப் பிந்தலை வைத்துத்தான் இது என் வண்டி என்று இருநூறு வண்டிகளுக்கிடையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருபத்தெட்டு வயது. அதன் உடம்பில் ஒரு சிப்பு இல்லை, ஒரு கணினி இல்லை, டீசல், காற்று, இரும்பு, இவை மூன்றுக்கும் நடுவே ஒரு மனிதனின் காது. அதற்கு என்ன நோவென்றாலும் அது வாய்விட்டுச் சொல்லும், மறைக்காது, கேட்கத் தெரியாவிட்டால் குற்றம் கேட்பவருடையது. "என்னோட புது வண்டியில உக்காந்தா எஞ்சின் ஓடறதே தெரியாதுக்கா" என்கிறான் துரைக்கண்ணு, சத்தத்துக்கு மேல் கத்தி. "ஓசூர்ல ரெண்டு நாள் நின்னப்ப நல்லாத் தெரிஞ்சிருக்குமே" என்கிறேன் நான். செங்கோடன் மீசைக்குள் சிரிக்கிறான். போன மாதம் தம்பியின் ஆறு புது லாரிகளில் ஒன்று ஓசூர் தாண்டி நின்றுபோயிற்று, ஏனென்று கேட்டால் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதாம், அது எதற்கென்று சொல்ல மடிக்கணினியோடு ஒருவர் பெங்களூரிலிருந்து வரவேண்டுமாம், வந்தார், இரண்டு நாள் கழித்து. அவனைப் பழிக்க எனக்கு உரிமையில்லை, பதினாறு வயதில் அடுத்தவர் லாரியில் கிளீனராக ஏறியவன், ஓடும் வண்டியிலிருந்து குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டவன், இன்று அறுபத்தொரு வயதில் ஆறு வண்டிக்காரன், அக்காள் மேல் அக்கறையில்தான் இதைச் செய்கிறான், அக்கறைதான் எனக்குத் தாங்கவில்லை, பகையாயிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ரெண்டு. மூன்றாவதற்குப் பலகை வளைந்து கிடக்கிறது, யாரோ மோதியிருக்கிறார்கள். ஓய்வூதியம் வாங்கும் பேராசிரியைக்கு லாரி எதற்கு என்று ஊரே கேட்டது, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே விடை சொன்னேன், வேண்டும் என்பதால். மலைச்சாலை ஓட்டுநர்களின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்ய இதே வண்டியில், இதே எஞ்சின் மூடியின்மேல் கருவியை வைத்து, இதே செங்கோடன் ஓட்ட, நான் முதன்முதல் திம்பம் ஏறியபோது எனக்கு வயது நாற்பது, ஒலிநாடாவில் பாட்டைவிட வண்டிதான் அதிகம் கேட்டது, பாட்டைப் பிரித்தெடுக்க முடியாமல் எரிச்சலோடு திரும்பத் திரும்பக் கேட்டுக்கேட்டு ஒருநாள் பாட்டை விட்டுவிட்டு வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய முதலாளி இதைப் பழைய இரும்புக்கு வெட்டப் போகிறார் என்று செங்கோடன் வந்து சொன்ன அன்றே வாங்கினேன். ஐம்பத்தெட்டு முடிந்ததும் எனக்கும் மாலை போட்டு, இனி நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் அம்மா என்றார்கள், யார் கேட்டது.

நாலு. ஏற்றம் கூடுகிறது, செங்கோடன் ஒரு கியர் இறக்குகிறான், இறங்கும்போது தரையிலிருந்து ஒரு முறுகல் என் பாதம் வழியே முழங்காலுக்கு ஏறுகிறது, அச்சமும் அதே வழியில்தான் ஏறுகிறது, இன்னும் ஐந்து வளைவு. மூன்று முறை நின்றிருக்கிறது. ஆவணியில் ஒன்பதாம் வளைவில், புரட்டாசியில் மறுபடி ஒன்பதாம் வளைவில், ஐப்பசியில் பதினேழாம் வளைவில். சமவெளியில் ஒருநாளும் நிற்கவில்லை, கோபிக்குப் போனால் நிற்காது, ஈரோட்டுக்குப் போனால் நிற்காது, இந்த ஏற்றத்தில்தான், மெல்ல மெல்லக் குரல் இறங்கி, இருமி, அணைந்துபோகும். மூன்று முறையும் நான் உடன் இல்லை, கதைதான் எனக்கு வந்தது, கதை என்றால் எனக்குத் தெரியும் என்ன செய்ய வேண்டுமென்று, எல்லா வடிவங்களையும் சேர்த்தேன், நோட்டுப் புத்தகம் இதோ மடியில் இருக்கிறது. சத்தியமங்கலத்து மெக்கானிக் சொன்னார், டீசல் பம்பு தேய்ந்துவிட்டது, பம்பைக் கழற்றிச் சரிசெய்தோம். நின்றது. பவானிக்காரர் சொன்னார், பம்பில் ஒன்றுமில்லை, டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகுகிறது, ஆறையும் மாற்றினோம். நின்றது. ஈரோட்டுக்காரர் எஞ்சினைக் காதால் தொடுவதுபோலக் குனிந்து கேட்டுவிட்டுச் சொன்னார், எங்கேயோ காற்றிழுக்கிறது, குழாய்களை மாற்றுங்கள், மாற்றினோம், இன்றைய ஏற்றம் அந்தக் குழாய்களுக்கான தேர்வும்தான். மூவரும் வல்லவர்கள், மூவரும் தத்தம் கையில் இருந்த சாவிக்கேற்ற பூட்டைக் கண்டுபிடித்தார்கள். நான்காவது பாடம் தம்பியுடையது, எல்லாவற்றிலும் சுருக்கமானது: "வயசாயிருச்சு." அதற்கு எதிராக ஒரு சான்றும் காட்ட முடியாது, அதனால்தான் அது தோற்பதேயில்லை, அதை நான் ஏற்க மறுப்பதற்கும் அதுவே காரணம், எல்லாவற்றையும் விளக்கிவிடும் விளக்கம் ஒன்றையும் விளக்கவில்லை. ஐந்து. ஒரு குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து எங்களைத் தேர்வாளர்போலப் பார்க்கிறது.

"செங்கோடா, ஆவணியில் நின்றதை இன்னொரு முறை சொல்" என்கிறேன். "எத்தனவாட்டிங் டீச்சரம்மா, எம் பொண்டாட்டிகூட இத்தனவாட்டி கேக்க மாட்டா." சொல் என்கிறேன். துரைக்கண்ணு கதவுக்கு வெளியே தலையைத் திருப்பிக்கொள்கிறான், ஆனால் கேட்கிறான், காது தெரிகிறது. "அதானுங், எட்டு தாண்டி ஒம்பதுல திருப்பறனுங், மிதிக்க மிதிக்க ஏற மாட்டீங்குது, பொகையுமில்ல, சத்தம் கொறஞ்சுட்டே வந்து பொசுக்குனு நின்னுபோச்சுங். அப்பத்தக்கி ஒரு கிளீனர் இருந்தானுங்களே, அவன் கட்டையப் போட்டானுங். எறங்குனேன், டேங்கத் தொறந்தேன், குச்சி உட்டுப் பாத்தேன், டீசல் இருந்துச்சு, மூடியத் தொடச்சு மூடுனேன், பம்ப்பக் கையில அடிச்சு ஸ்டார்ட் பண்ணுனேன், பிடிச்சிருச்சுங்." புரட்டாசியில்? "அதேதானுங். எறங்குனேன், டேங்கத் தொறந்தேன், குச்சி உட்டுப் பாத்தேன், டீசல் இருந்துச்சு." டீசல் அளவு காட்டும் முள் செத்துப் பல ஆண்டாகிவிட்டது, அதனால் ஒரு மூங்கில் குச்சி, எங்கே நின்றாலும் அவன் கை முதலில் அந்த மூடிக்குத்தான் போகும், தேநீர்க் கடையில் நின்றாலும் தேநீருக்கு முன் குச்சி. எறங்குனேன், தொறந்தேன், குச்சி உட்டேன், இருந்துச்சு. ஒரு சொல் மாறவில்லை, ஒவ்வொரு முறையும் அதே தாளத்தில், கதைசொல்லி அடுத்த பகுதியை நினைவுக்குக் கொண்டுவரும் மூச்சிடைவெளியில் வாய் தானாகச் சொல்லிக்கொள்ளும் நிரந்தர அடியைப்போல. அத்தகைய அடிகளை நான் எத்தனை தொகுப்புகளில் தாண்டிப் போயிருக்கிறேன், பொருளற்ற நிரப்பி என்று அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறேன். ஆனால் மாணவர்களிடம் வேறு சொன்னேன், மாறுகிற இடத்தில் பாடகனைத் தேடு, மாறாத இடத்தில் நிகழ்ச்சியைத் தேடு என்றேன், கரும்பலகையில்கூட எழுதினேன், சுண்ணக்கட்டி உடைந்தது, அதுவரை நினைவிருக்கிறது. ஆறு. எதிரே கர்நாடகப் பேருந்து இறங்கி வருகிறது, செங்கோடன் ஒதுங்கி வழிவிடுகிறான், வழிவிடும்போதும் சக்கரம் உருண்டுகொண்டேயிருக்கிறது, அவன் வேண்டுமென்றே நிறுத்தாமலிருக்கிறான், ஒப்பந்தம் அவன் காலிலும் ஏறிவிட்டது. "டீச்சரம்மா, அப்பிடி ஓரமா, ஒதுங்கறதுக்கு கிதுங்கறதுக்கு ரெண்டு நிமிசம் நிறுத்தட்டுங்களா?" என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான். "நிறுத்துனா நின்னதுதான்" என்கிறான் துரைக்கண்ணு, "நிறுத்துறதுக்கும் நிக்கறதுக்கும் வித்தியாசம் சொல்லிட்டு அப்புறம் ரெண்டு பேரும் என்னையப் பாடம் படிக்க வெச்சுருவீங்க."

நிறுத்த வேண்டாம் என்றேன். ஏழு. நோட்டைத் திறக்கிறேன், எழுத்து குதிக்கிறது. ஏன் ஐப்பசியில் மட்டும் பதினேழு? இதை எத்தனை இரவுகள் கேட்டிருப்பேன், வேறுபாடுதானே என் தொழில், இரண்டு பிரதி ஒன்பது என்கிறது, ஒன்று பதினேழு என்கிறது, எழுதியவன் தவறா, நிகழ்ச்சி வேறா. பக்கத்தின் ஓரத்தில் நானே குறித்திருக்கிறேன்: முதலிரண்டு முறையும் டேங்க் நிறைய டீசல், மூன்றாம் முறை பாதி. நிறைந்திருந்தால் விரைவில் நிற்கிறது, பாதியிருந்தால் தாமதமாக நிற்கிறது, இது எந்த நோய்க்கும் பொருந்தாத முரண், குறையக் குறையத்தானே எதுவும் நிற்க வேண்டும். இன்றும் நிறைத்திருக்கிறோம், நானே நிறைக்கச் சொன்னேன், குறை வைத்தான் என்று தம்பி சொல்லிவிடக் கூடாதென்று. அடுத்த பக்கம், புரட்டாசி, சடையன் சொன்னது. காட்டுக் காவலுக்கு இருக்கும் மலைவாசி, ஒன்பதாம் வளைவுக்கு மேலே அவருடைய சாவடி, அன்று வண்டி நின்றதை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான், பண்ணாரிச் சந்தையில் அவரைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். எல்லாம் செங்கோடன் சொன்னதேதான், ஒன்றே ஒன்று மட்டும் கூடுதல்: "மூடியத் தொறந்தான், வண்டி பெருமூச்சு உட்டுது, அப்புறம் குச்சி உட்டுப் பாத்தான்." அதன்கீழ் சிவப்பு மையில் என் கையெழுத்து, கற்பனைச் சேர்க்கை. அதை இப்போது பார்க்கிறேன், எட்டாம் வளைவின் வெயில் அந்தச் சிவப்பின்மேல் விழுகிறது, கற்பனைச் சேர்க்கை, நான் எழுதினேன், அவருடைய வாயைப் பார்த்து எழுதினேன், காட்டில் இருப்பவர், வண்டிக்கும் யானைக்கும் ஒரே வினைச்சொல் வைத்திருப்பவர், அழகாகச் சொல்கிறார், ஆகவே பொய் என்று. யாரிடமும் இல்லாத ஒரு சொல், சொன்னவருக்கே ஏனென்று தெரியாத ஒரு சொல், அலங்காரத்துக்காகச் சேர்த்திருந்தால் கதையின் முடிவில் சேர்த்திருப்பார், அதற்குரிய இடம் அதுதான், இவரோ மூடி திறப்பதற்கும் குச்சிக்கும் நடுவே, ஒரு பயனுமில்லாத இடத்தில் வைத்திருக்கிறார், ஏனென்றால் அங்கேதான் அது கேட்டது. வண்டி மூச்சுவிடவில்லை. மூச்சிழுத்தது. டேங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், வர வழியில்லை, டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், ஆகவே விரைவில் இறுகிவிடும், பாதியிருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும், ஒன்பது, ஒன்பது, பதினேழு. சமவெளியில் இவன் தேநீருக்குத் தேநீர் திறந்து குச்சி விடுகிறான், ஒவ்வொரு முறையும் மூச்சுக் கொடுக்கிறான், மலையில்தான் குச்சி விட நிற்பதில்லை. பழைய மூடியை ஆடியில் யாரோ திருடிக்கொண்டு போனார்கள், புதிய மூடி வாங்கினோம், அதன் உச்சியில் நட்டநடுவே ஒரு சிறு துளை, காற்றுக்கானது, பழையதில் அது ஓரத்தில் இருந்தது. நட்டநடுவே. பொட்டு வைக்கும் இடத்தில். என் வலதுகைக் கட்டைவிரலைப் பார்க்கிறேன். நகக்கண்ணில் இன்னும் மஞ்சளாக இருக்கிறது.

நான்தான். ஒவ்வொரு லோடும் கிளம்பும் காலையில், செங்கோடன் எலுமிச்சம்பழம் வைக்க, நான் சந்தனத்தைக் குழைத்து முகப்புக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கடைசியாக டேங்க் மூடிக்கு ஒன்று, அழுத்தி, மேலே குங்குமம், உண்ணும் வாய்க்கும் ஒரு பொட்டு இருக்கட்டும் என்று நானே கூட்டிக்கொண்டது, எந்த லாரிக்காரரும் அங்கே வைப்பதில்லை, அது என் சொந்தப் பாடம். வழியில் காய்ந்து இறுகும், வண்டி நிற்கும், இவன் திறப்பான், துண்டால் துடைத்து மூடுவான், பொட்டு போய்விடும், மெக்கானிக்கிடம் போகும்போது வண்டி குற்றமற்றது. மூன்று மெக்கானிக்குகள், ஒரு பம்பு, ஆறு நாசில்கள், எல்லாம் என் கட்டைவிரலுக்காக. வெட்கம் வருகிறது, வந்த வேகத்திலேயே அதன் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு வேறொன்று வருகிறது, வயதாகவில்லை, இதற்கு வயதாகவில்லை, இதன் உடம்பில் ஒரு குறையுமில்லை, இதன் வாயை நான் பொத்தியிருந்தேன், பொத்திய வாயோடு ஒன்பது டன்னை இழுத்துக்கொண்டு ஒன்பது வளைவு ஏறியிருக்கிறது. அப்போது நான்காவது சிலிண்டரின் பிந்தல் எனக்குக் கேட்காமல் போகிறது. கேட்காமல் போவதை முதலில் கேட்டது நான்தான், பிறகு செங்கோடன், அவன் மிதிக்கிறான், மிதித்ததற்கு விடை வரவில்லை, "வந்துட்டுதுங்" என்கிறான் தணிந்த குரலில், ஏதோ விருந்தாளியைச் சொல்வதுபோல. எதிரே 9/27. பின்னால் ஒரு பேருந்து ஒலியெழுப்புகிறது. செங்கோடன் முதல் கியருக்கு இறக்கிவிட்டான், நடக்கும் வேகம், அதற்கும் குறைவு, நிறுத்தச் சொல்லலாம், நிறுத்தினால் நின்றதுதான், தானாக நின்றால் கோட்டின்மேல் என் பெயர், அப்படியே பின்னால் உருண்டால் பேருந்து, பேருந்தில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கலாம், திங்கட்கிழமை. துரைக்கண்ணு இருக்கையில் இல்லை. கதவு திறந்திருக்கிறது. காலுக்கடியில் கிடந்த கட்டையைக் காணோம். அறுபத்தொரு வயது, சர்க்கரை, முழங்கால் வலி, ஆறு வண்டிக்காரன், எஞ்சின் இருமியதும் பதினாறு வயதாகிக் குதித்துவிட்டான், கட்டையைத் தோளருகே தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தைப் பார்த்து ஓரமாக ஓடுகிறான், எதற்காக வந்தான் என்பது அவன் கால்களுக்கு மறந்துவிட்டது.

"கண்ணு! கட்டை வேண்டாம்! டேங்க் மூடியைத் திற!" நான் இப்படிக் கத்தி எத்தனை ஆண்டு இருக்கும். அவன் ஓடிக்கொண்டே திரும்புகிறான். "என்னது?" "டீசல் மூடிடா! திருகு!" டேங்க் அவன் பக்கம்தான், கதவுக்குப் பின்னால், கைக்கெட்டும் உயரத்தில். "ஓடற வண்டியிலயா? உனக்குப் பைத்தியமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூடியில் கை வைத்துவிட்டான். திருகவில்லை. உள்ளிருந்து எதுவோ பிடித்திழுப்பதுபோல மூடி இறுகிக்கிடக்கிறது, இரண்டு கைகளும் வேண்டும், கட்டையைச் சாலையோரம் எறிகிறான், இனி உருண்டால் தடுக்க ஒன்றுமில்லை, செங்கோடன் ஆத்தா ஆத்தா என்கிறான், எஞ்சின் ஒரு வாக்கியத்தின் நடுவில் சொல் மறந்தவரைப்போல இழுக்கிறது, நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே தலை நீட்டுகிறேன். அப்போது கேட்டது. நீண்டது, ஆழமானது, தொண்டையிலிருந்து வந்தது, ஒரு பெருமூச்சு. சடையன் சொன்னதேதான், ஒரு சொல் கூட்டவில்லை. அதன்பின் ஒரு கணம், அந்த ஒரு கணத்துக்கு எந்தப் பிரதியிலும் அளவு கிடையாது, எதுவும் நடக்கவில்லை, பிறகு கால் வழியே அந்த முறுகல் ஏறியது, முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஆறும், கிழவன் அரை மாத்திரை தள்ளி வந்து சேர்ந்துகொண்டான், புகைக்குழாயிலிருந்து ஒரு கறுப்புக் கட்டி வானத்தில் போய் விழுந்தது. "புடிச்சிருச்சு புடிச்சிருச்சு" என்று கத்துகிறவன் செங்கோடன் இல்லை, துரைக்கண்ணு. வளைவில் வண்டி சாய்கிறது, திறந்த வாயிலிருந்து டீசல் தளும்பி அவன் கைமேல் வழிகிறது, மூட வேண்டும், மூடியைத் திருப்பிப் பார்க்கிறான், நடந்துகொண்டே முகத்தருகே வைத்துப் பார்க்கிறான், பார்த்ததும் புரிந்துவிட்டது, நாற்பத்தைந்து ஆண்டு இரும்போடு இருந்தவனுக்குச் சொல்ல வேண்டுமா, சட்டைப்பையில் கையை விட்டான், எதையோ உருவினான், துளைக்குள் குத்தித் திருகினான், வாயால் ஊதினான், மூடினான், இரண்டெட்டு ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்து ஏறி என் பக்கத்தில் விழுந்தான். மூச்சிரைக்கிறது. விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசி, அதன் முனையில் சந்தனம்.

"இது யாரு வெச்ச பொட்டு?" என்கிறான். "நான் வைத்தது." "நீயா?" "நான்தான். மூன்று முறையும் நான்தான்." அவன் என்னைப் பார்த்தான், செங்கோடனைப் பார்த்தான், சிரிப்பா திட்டா என்று அவன் முகத்துக்கே தெரியவில்லை, கடைசியில் சிரிப்பு வென்றது, "ஏனுங் செங்கோடண்ணா, நம்ம டீச்சரம்மா வண்டிக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டு டாக்டர் டாக்டரா கூட்டிட்டுப் போயிருக்குதுங்" என்றான். "நானும் தொடச்சு தொடச்சு மூடுனனுங்களே, என்ன சொல்லுங்க" என்று செங்கோடன் தலையில் அடித்துக்கொள்ள ஒரு கையை எடுத்து, வளைவு வந்ததால் திரும்ப வைத்துக்கொண்டான். பத்து. பதினொன்று. "ஆனா ஒரு செகண்டு நின்னுச்சுக்கா" என்கிறான் தம்பி, பழைய குரலைத் தேடிக்கொண்டு. "எஞ்சின் தயங்கியது. வண்டி நிற்கவில்லை." "ரெண்டும்..." "செங்கோடா?" "சக்கரம் நிக்கலீங்," என்கிறான் செங்கோடன் சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல், "நின்னிருந்தா நீங்க பின்னாலயே ஓடிவந்து ஏற வேண்டியதில்லீங் மொதலாளி, முன்னாலயே நடந்து போயிருப்பீங்."  துரைக்கண்ணுவின் சட்டைப்பையிலிருந்து மூன்று தாள்களும் ஊசி இல்லாமல் நழுவிக் காற்றில் படபடக்கின்றன, ஒன்று என் காலடியில் விழுகிறது, எடுத்தான், மற்ற இரண்டையும் எடுத்தான், மூன்றையும் சேர்த்து ஒருமுறை பார்த்தான், பிறகு தன் கைகளில் முழங்கைவரை வழிந்திருந்த டீசலை அவற்றால் துடைத்தான், மெதுவாக, ஒவ்வொரு விரலாக, கிளீனர் பையன்கள் பழைய துணியால் துடைப்பதுபோல, நான் செங்கோடன் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன், அதற்கு அவன் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழே பவானிசாகர் நீர்ப்பரப்பு வெயிலில் தகடாகக் கிடக்கிறது. பேனாவை எடுக்கிறேன், கை குதிக்கிறது, குதிக்கட்டும், கற்பனைச் சேர்க்கை என்பதன்மேல் ஒரு கோடு, கோடு மலைச்சாலையைப்போல நெளிகிறது, அதன் பக்கத்தில், சடையன் பாடமே மூலம், பிழை தொகுப்பாசிரியருடையது, தேதி, இடம், பதினான்காம் வளைவு. இன்று மேலே போனதும் தாளவாடியிலிருந்து திரும்பும் வழியில் அவருடைய சாவடிக்குப் போய் இதை அவரிடம் சொல்ல வேண்டும், தங்கள் சொல்லைப் பொய்யென்று தள்ளினேன், தவறு என்று, அவர் அதற்கு என்ன சொல்வார், யானையைப் பற்றி ஏதாவது சொல்வார், இம்முறை முழுவதையும் எழுதிக்கொள்வேன். பதினேழு வந்தது, போயிற்று. "இனிமேலாவது அந்தப் பொட்டு வெக்கிறத உடு" என்கிறான் தம்பி இருபத்தொன்றில். விடமாட்டேன் என்கிறேன். "உடமாட்டயா?" "அடுத்த லோடுக்கும் வைப்பேன், துளைக்கு இரண்டு விரற்கடை தள்ளி வைப்பேன்." "அடுத்த லோடுக்கு யாரு கிளீனரு?" என்று செங்கோடன் கேட்கிறான், கேட்டது யாரை என்று சொல்லாமல். துரைக்கண்ணு கசங்கிய தாள்களைக் காலடியில் போட்டு, கட்டை கிடந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, "ஒரு புதுக் கட்டை வேணும்" என்கிறான், பிறகு கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்து, பலகை வருமுன்பே, என்னிடம் இல்லை, சாலையிடம் சொல்வதுபோல உரக்கச் சொல்கிறான்: "இருவத்தேழு."